44 மீட்டர் சேலை: துகிலுரியும் காட்சிக்கு உடை அமைப்பது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

நாடகப் பிரதியில் அது ஒரு வரிதான். துச்சாதனன் இழுக்கிறான், சேலை வளர்ந்துகொண்டே போகிறது. எழுதியவருக்கு வேலை அங்கே முடிந்துவிட்டது. அந்த வரியை மேடைக்குக் கொண்டுவர வேண்டிய உடைக்காரருக்கு, ஒத்திகை தொடங்கும் முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். எத்தனை மீட்டர் துணி? இழுப்பதற்கு முன் அது எங்கே இருக்கும்? எந்த வழியாக வெளியே வரும்? இழுத்து முடித்த பிறகு எங்கே போய்ச் சேரும்? வண்ணமும் கரையும் இவற்றுக்கு அப்புறம். பல மேடைகளில் வண்ணத்தில் தொடங்கி, துணி எங்கே இருக்கும் என்பதை முழு ஒத்திகையன்று யோசிக்கிறார்கள். காட்சி சிக்கிக்கொள்வது அதனால்தான்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒரே காட்சி. கணக்குக்காக வைத்துக்கொண்ட அளவுகள்: மேடை 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம், முன்பக்கம் மட்டும் பார்வையாளர், பாஞ்சாலியாக நடிப்பவர் 163 செ.மீ. உயரம், இடுப்பு 80 செ.மீ., உள்ளுடைகளோடு சேர்த்து 85. வேறு உடலுக்கும் வேறு மேடைக்கும் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

வட மாவட்டங்களின் தெருக்கூத்தில், குறிப்பாகத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில், இதே காட்சி விடிய விடிய நடக்கும் ஆட்டத்தின் நடுவில் வருகிறது. பாஞ்சாலி வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண். அவர் அங்கே வெறும் பாத்திரம் அல்ல, அம்மன். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, தெய்வத்திடம் பிழை பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் சேலையில் கை வைப்பது பல குழுக்களில் வழக்கம். அங்கே நாற்பது மீட்டர் துணி தேவைப்படுவதில்லை. மேலே சுற்றிய ஒரு சேலையின் தலைப்பைத் துச்சாதனன் பிடித்தால் போதும், மீதியைப் பாட்டும் ஆட்டமும் பார்த்துக்கொள்ளும். அரங்க மேடையில் அந்த நம்பிக்கையும் இல்லை, அந்த நேரமும் இல்லை. சேலை வளர்வதைக் கண்ணால் காட்டியாக வேண்டும் என்று இயக்குநர் கேட்பார். பாரதியின் பாஞ்சாலி சபதத்தை வைத்து நாடகம் போடுபவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், விதவிதமான வண்ணச் சேலைகள் வேண்டும் என்பார்கள். கவிதையில் அப்படித்தான் இருக்கிறது.

கதையில் இன்னொரு முள்ளும் உண்டு. சபைக்கு இழுத்துவரப்படும்போது பாஞ்சாலி மாதவிலக்கில் இருக்கிறாள், ஒற்றை ஆடையில் இருக்கிறாள். காட்சியின் கொடுமையே அந்த ஒற்றை ஆடைதான். மேடையிலோ குறைந்தது மூன்று அடுக்கு இல்லாமல் யாரையும் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. மூன்று அடுக்கைப் போட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டுவதுதான் இங்கே முதல் தையல் வேலை.

எத்தனை மீட்டர்?

நீளத்தை நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். கைமாற்றிக் கைமாற்றி இழுக்கும்போது ஒரு இழுப்புக்கு ஏறத்தாழ 60 செ.மீ. வரும். நொடிக்கு ஓர் இழுப்பு என்பது நடிப்பதற்கும் மூச்சுக்கும் சரியான வேகம். இதைவிட விரைந்தால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல இருக்கும், மெதுவானால் துணிக்கடையில் அளப்பது போல இருக்கும். இந்தக் காட்சியில் இழுப்பு மட்டும் ஒன்றேகால் நிமிடம் என்று வைத்தால் 75 நொடிக்கு 45 மீட்டர். ஒரு சேலை 5.5 மீட்டர். ஆக எட்டுச் சேலை, 44 மீட்டர், 73 நொடி. ஒவ்வொரு 9 நொடிக்கும் ஒரு புதுச் சேலை தொடங்கும். பாட்டு இருந்தால் அந்த 9 நொடியைத் தாளத்தோடு பொருத்திக்கொள்ளலாம்.

மூன்று நிமிடம் இழுக்க வேண்டும் என்று இயக்குநர் கேட்டால் மறுத்துவிடலாம். நூறு மீட்டருக்கு மேல் துணி, ஏழெட்டுக் கிலோ, அதைவிட முக்கியமாக, நாற்பதாவது நொடிக்கு மேல் பார்வையாளருக்கு வியப்பு போய்க் கணக்கு வந்துவிடும். 73 நொடிகூடக் கொஞ்சம் அதிகம்தான்.

துணியை எங்கே ஒளிப்பது?

யாருக்கும் முதலில் தோன்றுவது, எட்டுச் சேலையையும் உடம்பிலேயே சுற்றிவிடலாம் என்பதுதான். சுற்றிப் பார்த்தால் இரண்டு விதமாகத் தோற்கும்.

சேலையை நீளவாக்கில் எட்டாக மடித்து 14 செ.மீ. அகலப் பட்டையாக்கி இடுப்பில் சுற்றினால், ஜார்ஜெட் துணியே ஆனாலும் காற்று இடைவெளியோடு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. கனம் சேரும். 44 மீட்டரும் ஏறி முடிக்கும்போது 85 செ.மீ. இடுப்பு 135 செ.மீ. ஆகிவிடும். மடிக்காமல் முழு அகலத்தில், இடுப்பிலிருந்து கால்வரை விரித்துச் சுற்றினால் கனம் பெரிதாகத் தெரியாது. நேர்த்தியாகச் சுற்றினால் இடுப்பு 97 செ.மீ. அளவில் நிற்கும். ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்று. கால் இரண்டும் ஒரே குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும், ஓரடி எடுத்து வைக்க முடியாது. இதற்குச் சற்று முன்புதான் அவளை மயிரைப் பிடித்து இழுத்துவரும் காட்சி. அதோடு, அத்தனை சுற்றையும் 73 நொடியில் அவிழ்க்க நடிகை ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒரு தடவை சுழல வேண்டும். பதினைந்தாவது சுற்றில் தலை கிறுகிறுக்கும். கைகளைத் தூக்கிக் கண்ணனைக் கூப்பிட வேண்டிய இடத்தில் அவர் தூணைத் தேடுவார்.

அடுத்தது முதுகுப் பை. விசிறி மடிப்பாக அழுத்தி மடித்தால் எட்டுச் சேலையும் 15 லிட்டர் இடத்தில் அடங்கும். பள்ளிப் பிள்ளைகள் தூக்கும் பை அளவு. கூந்தலை அதன்மேல் விரித்து மறைக்கலாம் என்பார்கள். பக்கவாட்டில் திரும்பியதும் கூன் விழுந்த பாஞ்சாலிதான் தெரிவாள்.

மீதமிருப்பது, துணியை உடலுக்கு வெளியே வைத்து உடல் வழியாக ஓட விடுவது. சபைக்கு எப்படியும் ஒரு மேடைப் படி இருக்கும். 35 செ.மீ. உயரமுள்ள அந்தப் படிக்குள் ஒரு பெட்டி, மேல்பலகையில் ஒரு பிளவு, அதிலிருந்து துணி எழும்பிப் பாஞ்சாலியின் இடுப்பைத் தொட்டு துச்சாதனன் கைக்குப் போகும். இந்த ஆய்வில் தேர்ந்த வழி: முதல் சேலை உடம்பில், மற்ற ஏழும் பெட்டியில். முதல் சேலை உண்மையாகவே உடம்பிலிருந்து உருவப்படுவதைக் கண் பார்த்துவிட்டால், அடுத்து வருவதையும் அப்படியே நம்பிக்கொள்ளும்.

இதற்கு இயக்குநர் ஒரு விலை கொடுக்க வேண்டும். பாஞ்சாலி அந்தப் படியிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது. மேடையின் முன் விளிம்பில் வந்து நின்று கதற வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான், அல்லது படியையே முன்னால் இழுத்துப் போட வேண்டும். இரண்டாவது நல்லது. அதனால்தான் உடை பற்றிய பேச்சு, மேடை அமைப்பின் வரைபடம் முடிவாகும் முன்பே நடந்தாக வேண்டும்.

முளையில் சுற்றிய கயிறு

துணி உடலைச் சுற்றி ஓடும் வழியில் ஒரு பொறி இருக்கிறது. படகுக் கயிற்றைக் கரையில் உள்ள முளையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிறுவன்கூடப் படகைப் பிடித்து நிறுத்திவிடுவான். சுற்று கூடக்கூட உராய்வு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறும். துணிமேல் துணி உரசும்போது உராய்வுக் குணகத்தை (உராய்வின் அளவைச் சொல்லும் எண்) 0.3 என்று வைத்தால், அரைச் சுற்றுக்கு இழுவிசை 2.6 மடங்கு, ஒரு முழுச் சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. பின்பக்கம் துணியை அரைக் கிலோ விசை தடுத்தாலே போதும். இரண்டு சுற்றில் துச்சாதனன் 21 கிலோ இழுக்க வேண்டியிருக்கும். சேலை வராது, நடிகை விழுவார்.

ஆகவே இடுப்பில் அரைச் சுற்றுக்கு மேல் கூடாது. நிற்கும் முறை இது: பாஞ்சாலி பார்வையாளரைப் பார்த்து நிற்கிறாள். துணி அவள் பின்னாலிருந்து எழும்பி, இடது இடுப்பில் ஒரு வளையத்துக்குள் நுழைந்து, வயிற்றின் முன்பக்கமாக ஓடி, வலப்பக்கம் நிற்கும் துச்சாதனனிடம் போகிறது. வண்ணம் மாறுவது அவள் உடம்பின் மேலேயே நடப்பதால், அவளிடமிருந்துதான் சேலை வருகிறது என்ற தோற்றம் கிடைக்கும்.

கணக்கைப் பார்க்கலாம். பெட்டியிலிருந்து மடிப்புப் பிரிந்து வர 200 கிராம். பிளவின் விளிம்பில் கால் சுற்று வளைவதில் அது 320 ஆகும். இடுப்பின் அரைச் சுற்றில் 820. ஒரு கிலோவுக்குள், வசதியான இழுப்பு. ஆனால் இதெல்லாம் காய்ந்த துணிக்கு. வேர்த்து நனைந்த உடையின் மேல் குணகம் 0.5 வரை ஏறினால் அதே வழி 2 கிலோவைத் தாண்டும். இதையும் நின்று தாங்கிவிடலாம். அரைச் சுற்றுக்குப் பதில் ஒரு சுற்று விட்டிருந்தால் அதே வேர்வையில் 10 கிலோ. ஏசி உள்ள அரங்கில் ஒழுங்காக நடந்த காட்சி, மே மாதத் திறந்தவெளியில் இறுகிப் போவதன் காரணம் இதுதான்.

நடிகை இடமும் வலமும் கால் திருப்பம் வரை அசையலாம். அதற்கு மேல் ஒரு பக்கம் திரும்பினால் சுற்று கூடும், மறுபக்கம் திரும்பினால் துணி வளையத்தில் முறுக்கும். ஒத்திகைத் தளத்தில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு கிழித்துக் காட்டிவிடுவது நல்லது.

பிளவின் அளவு 40 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். விளிம்பைச் சும்மா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விடக் கூடாது. பிளைவுட்டின் ஒரே ஒரு சிலும்பு ஜார்ஜெட் நூலை இழுத்துக்கொள்ளும். 25 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து இரு விளிம்பிலும் கவிழ்த்து ஒட்ட வேண்டும். இடுப்பு வளையம் 12 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம், முட்டை வடிவில் வளைத்த பிரம்பு, மேலே சாட்டின் நாடா சுற்றியது. இரும்பு வளையம் வேண்டாம், விழுந்தால் இடுப்பெலும்பில் குத்தும்.

மூன்று அடுக்கு

அடியில் முழங்கால்வரை பருத்திக் கால்சட்டை, பனியன். அதன்மேல் அடி உடை. இதுதான் காட்சியின் காப்பீடு: ரவிக்கை, தைத்த கொசுவம், தைத்த முந்தானை எல்லாம் ஒரே துண்டாக, முதல் சேலையின் அதே துணியில், அதே நிறத்தில். எந்த நொடியில் எது பிசகினாலும் நடிகை முழுதாகச் சேலை கட்டியவராகவே தெரிய வேண்டும். இடுப்பில் பாவாடை நாடா முடிச்சு ஆகாது. இழுவிசை எல்லாம் அங்கேதான் இறங்கும், முடிச்சு நழுவும். 5 செ.மீ. அகலக் கேன்வாஸ் பட்டை, மூன்று பேன்ட் கொக்கி. பிரம்பு வளையம் இந்தப் பட்டையில்தான் தைக்கப்படும், சேலையில் அல்ல.

ரவிக்கையை ஏன் ஒரே துண்டாகச் சேர்க்க வேண்டும்? மரபில் சொல்லப்படும் கதையில், ஒரு கையால் சேலையைப் பிடித்திருக்கும்வரை கண்ணன் வரவில்லை. இரு கையையும் தூக்கியபோதுதான் வந்தான். இரு கையும் தலைக்கு மேல் போகும்போது சாதாரண ரவிக்கையின் கீழ் விளிம்பு நான்கைந்து செ.மீ. மேலேறும். காட்சியின் உச்சத்தில் நடிகை கையை இறக்கி ரவிக்கையை இழுத்துவிட்டால் எல்லாம் போயிற்று. அக்குளில் 8 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைக் கோணலாக வைத்துத் தைத்தால், கை தூக்கும்போது தோள்தான் விரியும், இடுப்பு அசையாது.

மூன்றாவது அடுக்கு, உருவப்படும் முதல் சேலை. கொசுவத்தை இடுப்பில் ஆழமாகச் செருகக் கூடாது. இரண்டு விரல் ஆழம் போதும், ஊக்கு அறவே கூடாது. முந்தானை இடது தோளில் ஒற்றை டிச் பட்டனில் நிற்கும். துச்சாதனனின் முதல் இழுப்பு அந்தப் பட்டனைத் திறந்து முந்தானையை இடுப்புக்கு இறக்குவதற்கு மட்டும். அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எந்தத் துணியும் இருக்கக் கூடாது. கழுத்துக்குக் குறுக்கே துணி போனால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். துணி இழுப்பதில் உயிருக்கு ஆபத்தான பிழை இது ஒன்றுதான். நிறுத்துவதற்கு ஒரு சொல்லை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், வசனத்தில் வராத சொல்லாக. ‘ஐயோ’, ‘விடு’ என்பதெல்லாம் வசனத்திலேயே இருக்கும்.

இனி இணைப்பு. பாஞ்சாலி உள்ளே வரும்போது பெட்டியோடு கட்டப்பட்டு வர முடியாது. படியின் மேல் வந்து விழுகிறாளே, அந்த இடத்தில்தான் இணைப்பு நடக்க வேண்டும். பெட்டித் துணியின் தலை, பிளவுக்கு வெளியே ஒரு சாண் நீட்டியபடி காத்திருக்கும். விழுந்தவர் இடது கையால் அதை எடுத்து வளையத்தில் நுழைத்து, முதல் சேலையின் உள்முனையோடு மாட்ட வேண்டும். கண்ணால் பார்க்காமல், நாலைந்து நொடியில். வெல்க்ரோ இங்கே கெட்ட தோழன். ஜார்ஜெட்டைக் கண்ட இடத்தில் கவ்வும், பிரியும்போது சத்தம் மைக்கில் விழும். டிச் பட்டன் வெட்டி இழுத்தால் திறந்துகொள்ளும். நிற்பது பழைய மரப் பொத்தானும் கயிற்றுக் கண்ணியும்தான்: 4 செ.மீ. நீளமுள்ள உருளை மரத்துண்டு, 3 மி.மீ. நைலான் கயிற்றில் கண்ணி. விரல் தடவியே மாட்டிவிடும், இழுக்க இழுக்க இறுகும். துணியில் அது தைக்கப்படும் இடத்தில் ஒரு கைப்பிடி அளவு கேன்வாஸ் உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு நிற்கும், துணி கிழியும்.

துணி, தையல், நிறம்

ஜார்ஜெட் சதுர மீட்டருக்கு 65 கிராம் என்று எடுத்தால் 44 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், மொத்தம் 3.1 கிலோ. கைத்தறிப் பருத்தி 110 கிராம் என்றால் 5.3 கிலோ. பட்டும் சரிகையும் பேச்சுக்கே இல்லை. எடை ஒரு பக்கம், சரிகை வளையத்திலும் பிளவிலும் உராய்ந்து இரண்டாவது வாரத்தில் நூல் நூலாக வரும். கரை வேண்டுமென்றால் அச்சடித்த கரை. நெய்த கரை உடலைவிடக் கனமாக இருப்பதால் ஓடும் துணி ஓரத்தில் சுருண்டு கயிறாகிவிடும்.

கடையில் கட்டிய சேலையாக வாங்காமல் தான் எனும் துணிச் சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குவது நல்லது. சேலைக்குச் சேலை அகலம் ஒன்றிரண்டு செ.மீ. வேறுபடும், அந்த வேறுபாடு பிளவில் தட்டும். இணைப்புத் தையல் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. அகலம் முழுவதற்கும் 30 செ.மீ. சரிவு கொடுத்து வெட்டி இணைத்தால் தடிப்பு ஒரே நேரத்தில் வளையத்துக்குள் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். ஓவர்லாக் வேண்டாம், அதன் முண்டு ஒவ்வொரு 9 நொடிக்கும் ஒரு சிறு தட்டலாக நடிகையின் இடுப்பில் தெரியும். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும்.

நிறத்தை வரிசைப்படுத்தும்போது நிறத்தின் பெயரை மறந்துவிட்டு, வெளிர்–அடர் என்று பார்க்க வேண்டும். 15 மீட்டர் தூரத்தில் இருப்பவருக்கு மஞ்சளும் சந்தனமும் ஒன்று, கருநீலமும் பாக்கு நிறமும் ஒன்று. ஒன்று அடர், ஒன்று வெளிர் என்று மாறி மாறி வந்தால்தான் புதுச் சேலை என்று தெரியும். விளக்குக்காரர் அந்த இடத்தில் சிவப்பு ஜெல் (விளக்குக்கு முன் மாட்டும் நிறத் தாள்) போடுவாரா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கோபமான காட்சி என்றால் அவர் கை தானாகவே சிவப்புக்குப் போகும். சிவப்பு ஒளியில் சிவப்புச் சேலை வெளுத்துப் போகும், பச்சைச் சேலை கறுக்கும். கடையில் தேர்ந்த எட்டு நிறம் மேடையில் இரண்டாகிவிடும். எட்டு நிறத்தின் துண்டுகளையும் ஒரு அட்டையில் ஒட்டி, விளக்குக்காரரிடம் கொடுத்து, அதே ஒளியில் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

பாலியெஸ்டர் ஜார்ஜெட் ஏசி அரங்கில் மின்னேறி அடி உடையோடு ஒட்டும். கடைசி அலசலில் துணி மென்மையாக்கும் திரவம் கொஞ்சம் விட்டால் அடங்கும். கஞ்சி போடக் கூடாது.

நெருப்பு தனி விஷயம். இந்தக் காட்சியில் கற்பூரம், குத்துவிளக்கு, சில சமயம் தீப்பந்தம் எல்லாம் வரும். பாலியெஸ்டர் பற்றினால் உருகி உடம்பில் சொட்டும், சொட்டியது தோலோடு ஒட்டும். திறந்த நெருப்பு உண்டென்றால் ஜார்ஜெட்டே வேண்டாம், மல்மல் பருத்தி. எடை ஏறத்தாழ அதேதான், 3.4 கிலோ. பருத்திக்குப் பழைய கரைசல் ஒன்று உண்டு: 2 லிட்டர் வெந்நீரில் 200 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 85 கிராம் போரிக் அமிலம். கையுறை போட்டு நனைத்து, லேசாகப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். பற்றுவதைத் தாமதப்படுத்தும், எரியவே எரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முறை துவைத்தால் போய்விடும், திரும்ப நனைக்க வேண்டும். பாலியெஸ்டரில் இது நிற்காது. உலர்ந்த பிறகு ஒரு சின்னத் துண்டை வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டிப் பார்த்துவிட்டே மேடைக்கு எடுக்க வேண்டும்.

துச்சாதனன் உடையும் இதில் சேர்ந்ததுதான்

பாஞ்சாலியின் சேலைக்கு இவ்வளவு பார்த்துவிட்டு, கிழிப்பது யார் என்று பார்த்தால் துச்சாதனன் கைக்காப்பு. கூத்து வேடத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டால், கட்டை வேடம் என்பதே மரத்தில் செதுக்கிய கிரீடமும் தோள்கட்டையும் மார்ப்பதக்கமும்தான். மேலே கண்ணாடித் துண்டு பதித்திருக்கும். ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பும் ஒரு கத்தி. அரங்க வேடமென்றால் சமுக்கி, கல், கம்பி வேலை. 44 மீட்டர் துணி 73 நொடி முழுக்க அவன் முன்கை மேல்தான் உரசிக்கொண்டு போகிறது. முழங்கையிலிருந்து விரல்வரை எதுவும் இருக்கக் கூடாது. காப்பு தெரிந்தே ஆக வேண்டுமென்றால் வரைந்துவிடலாம், அல்லது வழவழப்பான தோல்பட்டை. மோதிரம் கழற்றியாயிற்றா என்பதை மேடைக்குப் போகும் வாசலில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இழுத்த துணி அவன் காலடியில் குவியும். பலகை மேடையில் ஜார்ஜெட் எண்ணெய் மாதிரி. இழுத்ததைத் தன் வலப்பக்கம் வீசிக்கொண்டே போக வேண்டும், காலுக்கு முன்னால் விடவே கூடாது. சேவகர் வேடத்தில் இருவர் அதை வாரி ஒதுக்கினால் காட்சிக்கும் பொருந்தும். வெறுங்கால்தான், செருப்பு கூடாது. கடைசியில் அவன் களைத்து விழுவதற்கு அந்தக் குவியலே மெத்தை.

கூந்தலையும் மைக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். மயிரைப் பிடித்து இழுத்துவரும்போது விக் கழன்றால் சபையே சிரிக்கும். இழுவிசை விக்கில் இறங்கக் கூடாது. பிடிக்கும் கற்றையின் உள்ளே ஒரு நாடா, அது கழுத்துக்குப் பின்னால் ரவிக்கைக்குள் இறங்கி இடுப்புப் பட்டையில் முடியும். அதோடு நடிகை இரு கையாலும் துச்சாதனன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டால், யார் யாரை இழுக்கிறார் என்பது நடிகை கையில்தான். விரித்த கூந்தல் முதுகில் 60 செ.மீ. தொங்கும், துணி எழும்பி வருவதும் முதுகுப் பக்கம். படியில் விழும்போதே கூந்தலை வலது தோள் வழியாக முன்னே போட்டுவிட வேண்டும். மைக் பெட்டி இடுப்பில் இருந்தால் வளையத்தோடு சண்டை போடும். அதைத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, பனியனில் தைத்த பைக்குள் வைத்து, மைக்கை நெற்றி மயிரோரத்தில் ஒட்ட வேண்டும்.

ஒத்திகையும் மடிப்பும்

முதல் வாரத்திலேயே 20 மீட்டர் காடாத் துணி வாங்கி ஒத்திகையில் போட்டுவிட வேண்டும். நல்ல துணி வரும்வரை காற்றில் இழுத்துப் பழகிய நடிகர் எடையை உணராமலே நடனம் போல் இழுப்பார், பிறகு மாற்றுவது கடினம். பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை இழுக்கும் முனையில் மாட்டி அளக்கலாம். சீரான இழுப்பில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காட்டினால் எங்கோ தவறு: பிளவு, வளையம், அல்லது நடிகை கூடுதலாகத் திரும்பியிருக்கிறார். மூன்றைத் தாண்டினால் நிறுத்திவிட்டுத் தேட வேண்டும்.

ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் பெட்டிக்குப் போகும் ஏழு சேலையின் 38.5 மீட்டரையும் மறுபடி மடிக்க வேண்டும். வால் முனை முதலில் பெட்டியின் அடியில், அதன்மேல் 50 செ.மீ. விசிறி மடிப்பாக அடுக்கிக்கொண்டே வந்து தலை கடைசியாக மேலே. சுருட்டி வைத்தால் ஓடும்போது சுருள் உருண்டு முறுக்கும். மூட்டையாகத் திணித்தால் முடிச்சு விழும். இரண்டு பேர், ஒரு நீள மேசை, 20 நிமிடம். ஒரே நாளில் இரண்டு காட்சி என்றால் இரண்டாவது துணித் தொகுதி ஒன்று மடித்துத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் வேர்வையில் நனைந்த முதல் தொகுதி இடைவேளைக்குள் காயாது.

வால் முனையைப் பெட்டியின் அடிப்பலகையில் திருகாணியால் திருகி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு நாள் துச்சாதனன் வேகத்தில் எல்லாத் துணியும் வெளியே வந்து, வளராத சேலையின் நுனி சபைக்குத் தெரிந்துவிடும். திருகிவிட்டால் இன்னொரு ஆபத்து: துணி தீர்ந்ததும் வெட்டி நிற்கும் அதிர்ச்சி நடிகையின் இடுப்பில் விழும். அதனால் இன்னும் 3 மீட்டர் இழுக்க மிச்சமிருக்கும்போது கையில் தட்டுப்படும்படி, துணியின் ஓரத்தில், ஒரு தடித்த நாடாவை ஒரு சாண் நீளத்துக்குத் தைத்துவிட வேண்டும். அதைப் பார்க்க வேண்டியதில்லை, விரல் உணர்ந்தால் போதும். 3 மீட்டர் என்பது ஐந்து இழுப்பு. அந்த ஐந்துக்குள் துச்சாதனன் தள்ளாடி, முட்டி மடங்கி, குவியலில் விழுந்துவிட வேண்டும்.